குடிநோய்ச் சிகிச்சை ஆய்வில் பொருளாதார மதிப்பீடு: எந்தப் படியால் அளப்பது?

ஒரு மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், அளவுமீறிக் குடிப்பவர்களுக்கு உள்ளூரிலேயே பயிற்சி கொடுத்து எடுத்த ஆலோசகர்களைக் கொண்டு நான்கு அமர்வு ஆலோசனை வழங்கிப் பார்க்கலாம் என்று ஓர் ஆய்வுக் குழு திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரைச் சேர்ப்பது, எப்படிச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாகப் பிரிப்பது, எத்தனை மாதம் கழித்து எதை அளப்பது என்பதெல்லாம் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும். கடைசியில், நிதி தருபவர்கள் கேட்பார்கள் என்பதற்காக, 'இத்துடன் பொருளாதார மதிப்பீடும் செய்யப்படும்' என்று ஒற்றை வரி சேர்க்கப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட ஆய்வுகளின் செலவுப் படிவங்களோடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒற்றை வரிக்குள் மூன்று நான்கு வெவ்வேறு ஆய்வுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுள் எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே சிகிச்சைக்கும் அதே நோயாளிகளுக்கும் 'கொடுத்த காசுக்குப் பலன் உண்டு' என்றும் 'இல்லை' என்றும் எதிரெதிரான விடைகள் வரக்கூடும். முதல் நோயாளி கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தேர்வு முடிந்திருக்க வேண்டும். அன்று கேட்காத கேள்விக்கு ஓராண்டு கழித்து விடை வாங்க முடியாது.

எளிமையாகத் தோன்றும் ஒரு வழியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இரண்டு சிகிச்சைகளும் ஒரே பலனைத் தருகின்றன என்று கருதிக்கொண்டு செலவை மட்டும் ஒப்பிட்டு, மலிவானதைத் தேர்ந்தெடுப்பது அது. பிரிட்டனில் 742 பேரைச் சேர்த்து நடத்தி 2005இல் வெளியான மதுச் சிகிச்சை ஆய்வு, மூன்று அமர்வில் முடியும் ஊக்கமூட்டும் ஆலோசனையையும், குடும்பத்தையும் நண்பர்களையும் உள்ளே கொண்டுவரும் எட்டு அமர்வுச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் மூன்று அமர்வே போதுமே என்று சொல்லத் தோன்றும். ஆனால் வேறுபாடு தெரியவில்லை என்பதும் வேறுபாடே கிடையாது என்பதும் ஒன்றல்ல. செலவிலும் பலனிலும் உள்ள நிச்சயமின்மையைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதால், இந்த வழியை இன்று பெரும்பாலான பொருளாதார அறிஞர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

மீதமுள்ளவை மூன்று. விளைவையும் ரூபாயாக்கி, போட்டது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று பார்ப்பது செலவு–ஆதாய வழி. விளைவைத் தரம் சரிகட்டிய வாழ்வாண்டாக, அதாவது எங்கள் வட்டாரத்தில் 'குவாலி' என்று சொல்லப்படும் அலகாக (முழு ஆரோக்கியத்தோடு கழிந்த ஓராண்டு ஒரு குவாலி, நோயோடு கழிந்த ஆண்டு அதைவிடக் குறைவு) மாற்றி, ஒரு குவாலிக்கு எவ்வளவு என்று கேட்பது இன்னொன்று. மூன்றாவது, விளைவை அது இருக்கும் உருவத்திலேயே, அதன் இயற்கை அலகில், விட்டுவிடுவது: குடியிலிருந்து மீண்டவர் ஒருவருக்கு எவ்வளவு, குடிக்காத நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்பது போல.

முதலாவதற்கு ஒரு கவர்ச்சி உண்டு, மேடையில் சொல்லலாம். கலிஃபோர்னியாவில் 1991 அக்டோபருக்கும் 1992 செப்டம்பருக்கும் இடையே போதைச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி 1994இல் வெளியான அறிக்கை, சிகிச்சைக்கான செலவு 20.9 கோடி டாலர் என்றும் அதனால் மிஞ்சியது சுமார் 150 கோடி டாலர் என்றும் கணக்கிட்டது. ஒன்று போட்டால் ஏழு என்ற இந்த விகிதம் முப்பது ஆண்டுகளாக நிதி கேட்கும் விண்ணப்பங்களில் வலம் வருகிறது. மேலே சொன்ன பிரிட்டிஷ் ஆய்வும், சிகிச்சைக்கு ஆன செலவைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு மருத்துவம், சமூகப் பணி, நீதித்துறை ஆகியவற்றின் செலவு மிச்சமானதாகச் சொன்னது.

இந்த ஏழும் ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் கொஞ்சம் தயக்கம் வரும். கலிஃபோர்னியாவில் சிகிச்சை பெறாத ஒப்பீட்டுப் பிரிவு சமவாய்ப்பு முறையில் அமைக்கப்படவில்லை. ஒவ்வொருவரின் முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் ஒப்பிட்டார்கள். பிரிட்டனிலும் இரு பிரிவினரும் சிகிச்சை பெற்றவர்கள்தான் என்பதால், ஐந்து மடங்கு என்பது முன்–பின் ஒப்பீடே தவிர, பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாடு அல்ல. குடிநோயில் இது சிறிய விஷயமே இல்லை. ஒருவர் சிகிச்சைக்கு வந்து நிற்பது பெரும்பாலும் அவர் வாழ்வின் மிக மோசமான வாரத்தில்தான்: மனைவி பிறந்தகம் போயிருப்பார், வேலை போயிருக்கும், ரத்த வாந்தி எடுத்திருப்பார், காவல் நிலையம் வரை போய்வந்திருப்பார். அந்த வாரத்தோடு ஒப்பிட்டால், சிகிச்சையே கொடுக்காவிட்டாலும் ஆறு மாதம் கழித்துப் பலருடைய நிலை சற்றுத் தெளிந்துதான் இருக்கும். அந்தத் தெளிவு முழுவதையும் சிகிச்சையின் கணக்கில் வரவு வைப்பது, ஆடியில் காசு போட்டு ஐப்பசி மழையை வட்டியாகக் காட்டுவது போன்றது.

இரண்டாவது சிக்கல், கலிஃபோர்னியாவின் மிச்சத்தில் பெரும்பங்கு குற்றங்கள் குறைந்ததால் வந்தது என்பது. ஹெராயினும் கொக்கேனும் பயன்படுத்துவோர் கணிசமாக இருக்கும் கூட்டத்தில் திருட்டும் வழிப்பறியும் குறைந்தால் பெரிய தொகை மிஞ்சும். ஓர் ஊரின் பெயிண்டரும் ஆட்டோ ஓட்டுநரும் கொத்தனாரும் குடியை விட்டால் குறைவது திருட்டு அல்ல. வீட்டுக்குள் நடக்கும் அடி. அதற்கு எந்தக் காவல் நிலையமும் விலைப் பட்டியல் வைத்திருப்பதில்லை. எனவே அமெரிக்க விகிதத்தை எடுத்து இங்கே ஒட்டினால் ஒட்டாது. ஒரே ஒரு கொலை வழக்கு ஒரு பிரிவில் விழுந்துவிட்டால் முன்னூறு பேரின் கணக்கே தலைகீழாகிவிடும் என்பதும், அதைப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

குவாலி வழிக்கு வருவோம். இதன் வலிமை, எல்லா நோய்க்கும் ஒரே அளவுகோல் என்பது. குடிநோய் ஆலோசனைக்குப் போகும் ரூபாயை டயாலிசிஸுக்கோ தடுப்பூசிக்கோ கொடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு சுகாதாரச் செயலர் கேட்டால், விடை சொல்ல இது ஒன்றுதான் வழி. எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணம் தரலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பல ஆண்டுகளாக ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற வரம்பைக் கொண்டு மருந்துகளை ஏற்றும் தள்ளியும் வந்தது; 2007இல் ஓபியாய்டு (ஹெராயின் வகைப் போதைப்பொருள்) சார்புக்கு மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் என்ற மாற்று மருந்துகளைப் பரிந்துரைத்ததும், இரண்டும் சமமாகப் பொருந்துமானால் முதலில் மெத்தடோன் என்று சொன்னதும் இந்த வழியில்தான். இந்தியாவிலும் 2017இல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டு, குவாலியையே அடிப்படை அலகாக வைத்திருக்கிறது. குவாலியைக் கணக்கிட உதவும் ஈக்யூ-5டி என்ற படிவத்துக்கு இந்திய மக்களின் விருப்பங்களைக் கொண்டு எடுத்த மதிப்பெண்களும் 2022இல் வந்துவிட்டன. ஆக, கருவி இல்லை என்ற சாக்கு இனி இல்லை.

ஆனால் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி, கவலை அல்லது மனச்சோர்வு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள் என்பதால் மொத்தம் 3,125 உடல்நிலைகளை விவரிக்கலாம் என்பார்கள். முப்பத்தைந்து வயதில், நாள்தோறும் மாலை குவார்ட்டர் அடித்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போய்விடுகிறவர் அந்த 3,125இல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்பார்: ஐந்திலும் 'பிரச்சினை எதுவும் இல்லை'. ஆறு மாதம் கழித்துக் குடியை விட்ட பின்னும் அதே இடம்தான். ஏறுவதற்குப் படியே இல்லாத மாடியில் நிற்பவர் உயர்ந்தார் என்று எப்படிக் காட்டுவது?

ஒருமுறை ஒரு கொத்தனாரிடம் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். உடல்நிலைக் கேள்விகள் ஐந்தும் ஒரு நிமிடத்தில் முடிந்தன. செலவுப் படிவத்துக்கு வந்து, கடந்த மூன்று மாதத்தில் சிகிச்சைக்காக எவ்வளவு செலவு என்று கேட்டதும், "ஒண்ணும் இல்லை சார், கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானே" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "அவருக்கு என்ன சார் தெரியும், என்னைக் கேளுங்க" என்று சொல்லத் தொடங்கினார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நிற்கும் என்று யாரோ விற்ற பொடி, இரண்டு தடவை. குடிக்க மாட்டேன் என்று சாமி சந்நிதியில் கயிறு கட்டிவிடக் கூட்டிப்போன பயணம். கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்ற நாட்களில் தான் இழந்த சித்தாள் கூலி. கம்மலை அடகு வைத்ததற்கு மாதாமாதம் கட்டும் வட்டி. என் படிவத்தில் வெளிநோயாளி, உள்நோயாளி, மருந்து, பயணம் என்று நான்கு பத்திகள் இருந்தன. பொடியை மருந்தில் எழுதினேன். கூலியைப் பயணத்தோரம் பென்சிலால் குறித்தேன். வட்டிக்கு இடமே இல்லை. அந்த அம்மாவின் உடல்நிலையைக் கேட்க ஐந்து கேள்வி கொண்ட இரண்டாவது படிவமும் என்னிடம் இல்லை. கேட்டிருந்தால், வலி, கவலை என்ற கடைசி இரண்டிலும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. இந்த நோயில் நோயாளியின் குவாலியை அளக்கிறோம்; வலிப்பது வேறொருவருக்கு.

படிவம் ஏறாதபோது கணக்கு எவ்வளவு நொய்மையாகிவிடுகிறது என்பதற்குக் கற்பனையாக ஒரு கணக்கு. நூறு பேருக்கு ஆலோசனை கொடுக்க, மற்ற மருத்துவச் செலவில் மிஞ்சியது போகத் தலைக்கு 1,200 ரூபாய் கூடுதலாக ஆகிறது, மொத்தம் 1,20,000. மறு பிரிவில் 26 பேர் மீண்ட இடத்தில் இந்தப் பிரிவில் 36 பேர் மீள்கிறார்கள். கூடுதலாக மீண்டவர் ஒருவருக்கு 12,000 ரூபாய். இது யாருக்கும் புரியும். இதையே குவாலியில் போடுவோம். ஓராண்டில் தலைக்குச் சராசரியாக 0.01 குவாலி கூடினால் நூறு பேருக்கு ஒரு குவாலி, அதாவது ஒரு குவாலிக்கு 1,20,000. இங்கே வழக்கமாக வரம்பாகக் கொள்ளப்படும் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி இரண்டு லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் இடைப்பட்டது என்பதால் சிகிச்சை தேறிவிடும். 0.004 மட்டுமே கூடினால் ஒரு குவாலிக்கு 3,00,000, தேறாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.006 ஆண்டு, அதாவது முழு ஆரோக்கியத்தோடு கழித்த இரண்டு நாளுக்குச் சற்று மேல். ஒருவர் கவலைக் கேள்வியில் ஒரு கட்டம் இடப்பக்கம் டிக் அடித்தாரா, வலப்பக்கம் அடித்தாரா என்பதில் அந்த இரண்டு நாளும் தொலைந்துவிடும்.

மூன்றாவது வழியின் நல்லதும் கெட்டதும் தெளிவாகத் தெரிவது கோவாவில் நடந்த ஆய்வில். சங்காத் என்ற தொண்டு நிறுவனமும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களைச் சேர்த்தார்கள். குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாப்பட்டியலில், மொத்தம் நாற்பதுக்கு, 12 முதல் 19 வரை எடுத்தவர்கள் இவர்கள்; அதாவது குடி கெடுதலாகிவிட்டது, ஆனால் கை நடுங்கும் சார்புநிலைக்கு இன்னும் பெரும்பாலோர் போகவில்லை. மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வு பேசினார்கள். மறு பிரிவுக்கு மருத்துவரின் வழக்கமான கவனிப்பு, வினாப்பட்டியலின் முடிவும் ஒரு வழிகாட்டியும் அவர் கையில் கொடுக்கப்பட்ட நிலையில். 2017இல் முடிவுகள் வந்தன. மூன்று மாதத்தில் மீட்சி, அதாவது ஆடிட் மதிப்பெண் எட்டுக்குக் கீழ் இறங்கியது, ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காடு, மற்றவர்களில் 26 விழுக்காடு. கூடுதலாக ஒருவர் மீள ஆன செலவு 217 டாலர். ஆனால் நிச்சயமின்மையின் எல்லை 50 டாலரிலிருந்து 1,073 டாலர் வரை.

217 டாலர் அதிகமா, குறைவா? இங்கேதான் இயற்கை அலகின் பலவீனம் வெளிப்படுகிறது. ஒரு குவாலிக்கு எவ்வளவு தரலாம் என்று எந்த நாட்டு அரசையாவது கேட்கலாம். ஒரு மீட்சிக்கு எவ்வளவு தரலாம் என்று எந்த அரசும் சொல்லி வைக்கவில்லை. கோவா குழு இதற்குக் கண்ட வழி எனக்குப் பிடித்தமானது. பயிற்சி தேவைப்படாத கூலித் தொழிலாளி ஒருவரின் ஒரு மாதக் கூலியை அவர்கள் வரம்பாக வைத்தார்கள். ஒரு தொழிலாளி மீள்வதற்கு அவருடைய ஒரு மாத உழைப்பின் விலையைச் சமூகம் தரத் தயாரா என்ற கேள்வி அது. அரசாணை எதுவும் அதற்கு இல்லை. வேறொரு குழு அரை மாதக் கூலி என்று வைத்தால் தடுக்க முடியாது. ஆனாலும் ஒரு பஞ்சாயத்துத் தலைவரோடு உட்கார்ந்து பேசக்கூடிய வரம்பு அது. குவாலியை வைத்து அவரோடு பேசிப் பாருங்கள்.

இந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அதை ஆதரவாளர்கள் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். மீட்சியும் குடிக்காத நாட்களும் கூடின. ஆனால் மூன்று மாதத்தில் செயலிழப்பு மதிப்பெண்ணிலோ, வேலைக்குப் போக முடியாத நாட்களிலோ, மனைவி மீதான வன்முறையிலோ இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதே ஆய்வு தன் முதன்மை அலகாகக் குவாலியையோ, கூடுதலாக உழைத்த நாட்களின் ரூபாய் மதிப்பையோ எடுத்திருந்தால், பலன் பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. அதைக் கொண்டு இரண்டு விதமாக வாதிடலாம். ஒன்று, குவாலி இந்த நோய்க்கு மந்தமான கருவி. மற்றொன்று, மதிப்பெண் எட்டுக்குக் கீழே இறங்கியது உண்மையில் வாழ்க்கையை மாற்றவில்லை, மீட்சி என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. நான் முதல் பக்கம் சாய்பவன். மூன்று மாதத்தில் குடும்ப வாழ்க்கை நேராகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் குடிநோயாளியின் வீட்டில் இருந்து பார்த்ததில்லை. ஆயினும் இரண்டாவது வாதத்துக்கும் பதில் வேண்டும் என்பதால், மீட்சியை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அதே ஆய்வின் பன்னிரண்டு மாத முடிவில் மீட்சி 54.3 விழுக்காட்டுக்கு எதிராக 31.9. இப்போது ஆலோசனைப் பிரிவின் மொத்தச் செலவே மறு பிரிவைவிடக் குறைவு. பலனிலும் மேல், செலவிலும் கீழ். கூலி வரம்பின்படி சுகாதாரத் துறையின் கணக்கில் இது செலவுக்கேற்றதாக இருக்க 99 விழுக்காடு வாய்ப்பு என்று சொன்னார்கள். மூன்று மாதத்தில் அந்த வாய்ப்பு 85 விழுக்காடாக இருந்தது. மாறியது காலம் மட்டுமே. மூன்று மாதத்தோடு கடையைக் கட்டியிருந்தால், 'கொஞ்சம் செலவு, கொஞ்சம் பலன்' என்று எழுதியிருப்போம். காலத்தை இன்னும் நீட்டினால் என்ன ஆகும் என்பதை 2005இல் அமெரிக்காவில் வந்த ஒரு கணிப்பு மாதிரி காட்டுகிறது: ஹெராயின் பயன்படுத்துவோருக்கு மெத்தடோன் கொடுப்பதை ஒரே ஒரு சிகிச்சைக் காலமாக எடுத்துக்கொண்டால் ஆதாய விகிதம் 4.86; விழுந்து எழுந்து மீண்டும் சிகிச்சைக்கு வரும் வாழ்நாள் கதையாக எடுத்துக்கொண்டால் 37.72. போதை நாள்பட்ட நோய் என்று வாயால் சொல்லிவிட்டு ஆறு மாதக் கணக்குப் போடுவது முரண்தான். ஆனால் 37.72 என்ற எண்ணில் எவ்வளவு அளந்தது, எவ்வளவு அனுமானித்தது என்று பிரித்துப் பார்க்க நாலு நாள் ஆகும். மாதிரியை நான் துணைக்கு வைத்துக்கொள்வேன். முகப்பில் வைக்க மாட்டேன்.

மேலே சொன்ன எந்த வழியை எடுத்தாலும் அதற்கு முன் தீர்க்க வேண்டியது, யாருடைய கணக்கு இது என்பது. என் அனுபவத்தில் அலகைவிட இதுதான் விடையை அதிகம் புரட்டிப்போடுகிறது. சுகாதாரத் துறையின் கணக்கு என்றால் ஆலோசகர் சம்பளம், மருத்துவர் நேரம், மருந்து, படுக்கை. சமூகத்தின் கணக்கு என்றால் சித்தாள் கூலியும் உள்ளே வரும். 2016இல் அமெரிக்காவின் இரண்டாவது செலவு–விளைவு நிபுணர் குழு, இரண்டு கணக்கையும் தனித்தனியே போட்டு, எந்தத் துறையில் என்ன விளைவு என்ற பட்டியலையும் இணைக்க வேண்டும் என்று சொன்னது; இது போதை ஆய்வுக்கென்றே எழுதியது போலப் பொருந்துகிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் டாஸ்மாக் வருமானம் பற்றி யாராவது கேட்காமல் இருப்பதில்லை. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அரசிடம் என்பதால் கேள்வி நியாயமானதே: நம் சிகிச்சை வென்றால் அரசுக்கு நட்டம் இல்லையா? நிதித் துறையின் பெட்டியை மட்டும் பார்த்தால், ஆம். சமூகக் கணக்கில் வரி என்பது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும் பணம். அது செலவும் அல்ல, ஆதாயமும் அல்ல. குடிக்குப் போகாத பணம் காய்கறிக் கடைக்கோ சீட்டுக்கோ போகும். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் பங்குபெற்று 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு, 2011 முதல் 2050 வரையிலான காலத்துக்கு, மது வரி வருவாயைக் கழித்த பிறகும் இந்தியாவுக்கு ஆண்டுக்குச் சராசரியாக உள்நாட்டு உற்பத்தியில் 1.45 விழுக்காடு இழப்பு என்று கணக்கிட்டது. ஆக, வரியைக் கணக்கில் எடுத்தாலும் முடிவு மாறவில்லை. வரியை எந்தப் பக்கம் எழுதினோம் என்பதை மட்டும் அறிக்கையில் மறைக்கக் கூடாது.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி மதுச் சார்புள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவி பெற்றிருக்கிறார். ஆய்வில் 'வழக்கமான கவனிப்பு' என்று வைக்கப்படுவது, நம் ஊர்களில் உண்மையில் கிடைப்பதைவிட மேம்பட்டது. ஆகவே ஆய்வு காட்டும் வேறுபாடு களத்தில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

யாரிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதற்கு 2018இல் அமெரிக்காவில் வந்த ஓபியாய்டு ஆய்வு நல்ல பாடம். 570 பேரில் ஒரு பாதிக்கு ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும், மாதமொருமுறை போடும் நால்ட்ரெக்ஸோன் ஊசி, மறு பாதிக்கு நாக்கடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின்–நலாக்ஸோன். ஊசி போடுவதற்கு முன் உடலில் ஓபியாய்டு முழுவதும் வெளியேறியிருக்க வேண்டும். அந்த நாட்களைத் தாண்ட முடியாமல் பலர் விலகினார்கள். 283 பேரில் 204 பேர் மட்டும் ஊசி வரை வந்தார்கள். மறு பிரிவில் 287இல் 270 பேர் மருந்தைத் தொடங்கினார்கள். மருந்தைத் தொடங்கியவர்களை மட்டும் எண்ணினால் இரண்டும் ஏறக்குறையச் சமம். பிரிக்கப்பட்ட எல்லோரையும் எண்ணினால் ஊசிப் பிரிவில் மீண்டும் விழுந்தவர்கள் அதிகம்: 57 விழுக்காட்டுக்கு எதிராக 65. அடுத்த ஆண்டு வந்த பொருளாதார மதிப்பீடு எல்லோரையும் எண்ணி, இரண்டும் பொருந்துகிற நோயாளிக்கு முதலில் பியூப்ரினார்ஃபினே என்ற முடிவுக்கு வந்தது. படுக்கையில் கழிந்த அந்த விலக்க நாட்களின் செலவு, ஊசி கிடைக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான்.

செலவைத் திரட்டும் வேலையைப் பற்றி இரண்டு குறிப்பு போதும். நம் மறுவாழ்வு மையங்களில் பாதி வேலையை, குடியை விட்டு மீண்டவர்கள் சம்பளமில்லாமலோ பெயரளவு சம்பளத்துக்கோ செய்கிறார்கள். கட்டடம் நன்கொடையாக வந்திருக்கும். கணக்குப் புத்தகத்தில் அது சுழி. ஆனால் அடுத்த மாவட்டத்தில் அதே மையத்தைத் தொடங்க நினைப்பவருக்கு அது சுழி அல்ல. ஆகவே தொண்டு நேரத்துக்கும் இலவச இடத்துக்கும் சந்தை விலை போட்டே ஆக வேண்டும். மற்றது, செலவு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே கிடக்கும்: நூறில் எண்பது பேர் ஒன்றும் செலவழிக்க மாட்டார்கள், கல்லீரல் கெட்டு ஐசியூவில் கிடந்த இருவர் எல்லோரையும்விட அதிகம் செலவழித்திருப்பார்கள். புள்ளியியலாளர் நடு எண்ணை எடுக்கச் சொல்வார். எடுக்காதீர்கள். பட்ஜெட் போடுபவர் சராசரியை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கித்தான் பணம் ஒதுக்க முடியும்.

முதலில் சொன்ன அந்த மாவட்டக் குழுவுக்கு என் பரிந்துரை இது. முதன்மை அலகாக, ஓராண்டு முடிவில் கூடுதலாக மீண்டவர் ஒருவருக்கான செலவை, சுகாதாரத் துறையின் கணக்கில் வையுங்கள். வரம்பு உள்ளூர்க் கூலியில் இருக்கட்டும், அதையும் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். ஐந்து கேள்விப் படிவத்தையும் எல்லோரிடமும் நிரப்புங்கள். அதன் முடிவு பலவீனமாக வரும் என்று தெரிந்தே நிரப்புங்கள், ஏனெனில் தேசிய அமைப்பு கேட்கும்போது கொடுக்க வேறு எண் இருக்காது. குடும்பத்தின் செலவையும் நாட்களையும் தனி அட்டவணையாகக் காட்டுங்கள். எல்லாவற்றையும் உருக்கி ஒரு விகிதமாக வார்க்காதீர்கள். 'ஒன்றுக்கு ஏழு' என்று உங்கள் அறிக்கையிலிருந்து யாரும் எடுத்தெழுத முடியாமல் போகட்டும்.

இதே குழு ஊசி மூலம் ஹெராயின் எடுப்பவர்களுக்கான பியூப்ரினார்ஃபின் திட்டத்தை ஆய்வதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன். அங்கே அளவுமீறி எடுத்து இறப்பதும் எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சியும் இருக்கின்றன. சாவைக் குவாலி துல்லியமாகப் பிடிக்கும். அங்கே குவாலியை முன்னாலும், வாழ்நாள் மாதிரியை அதன் பக்கத்திலும், மீட்சியைப் பின்னாலும் வைப்பதே சரி. மதுச் சிகிச்சையிலும், சேர்ப்பவர்கள் கல்லீரல் கெட்டு வார்டில் படுத்திருப்பவர்கள் என்றால் இதே மாற்றம் பொருந்தும்.

அந்தக் கொத்தனார் வீட்டுக்குப் போய்வந்த பிறகு என் செலவுப் படிவத்தில் மூன்று பத்திகள் கூடின: நாட்டு மருந்தும் கோயிலும், உடன் வந்தவர் இழந்த கூலி, கடன் வட்டி. வட்டியைச் சமூகக் கணக்கில் சேர்க்க முடியாது, அதுவும் வரியைப் போல ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போவதுதான் என்று குழுவின் பொருளாதார ஆலோசகர் அடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. குடும்பத்தின் அட்டவணையில் மட்டும் அது இன்னும் இருக்கிறது.